காணி உறுதியைக் கையில் எடுக்கும் முன்
உயர்கல்வி: பெற்றோர் கேள்வி பதில்

உயர்தரப் பெறுபேறு வந்து பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வெளிவரும் வரையான மாதங்களில்தான் பெற்றோர் அதிகம் அவசரப்படுகிறார்கள். அந்த அவசரத்தில் நகை அடகுக்குப் போகிறது, காணி ஈட்டுக்குப் போகிறது. இம்முறை வந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்து விரிவாகப் பதில் தருகிறோம். எந்தப் பதிலிலும் முதலில் பார்ப்பது இரண்டைத்தான்: கடைசியில் கையில் வரும் சான்றிதழை யார் வழங்குகிறார்கள், அது வரும்வரை மொத்தம் எவ்வளவு போகும்.

கேள்வி: மகன் கணிதப் பிரிவு. பொறியியலுக்கு இசட் புள்ளி காணாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிக விஞ்ஞானம் கிடைக்கும்போல் இருக்கிறது. கொழும்புப் பக்கம் தனியார் நிறுவனமொன்றில் நாலு வருடப் பொறியியல் பட்டத்துக்கு 18 இலட்சம் என்கிறார்கள். கையில் 20 இலட்சம் இருக்கிறது. கனடாவில் இருக்கும் தம்பியும் உதவுவதாகச் சொல்கிறார். கட்டலாமா?
ஒரு தந்தை, சாவகச்சேரி

18 இலட்சம் என்பது அவர்கள் வாங்கும் காசு. நீங்கள் செலவழிக்கப்போகும் காசு வேறு. அதைக் கடதாசியில் எழுதிப் பார்ப்போம். நாங்கள் போடும் எண்கள் உதாரணத்துக்கு. நீங்கள் விசாரித்து வந்த எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

இருவர் தங்கும் அறையில் ஒருவர் பங்கு மாதம் 18,000, சாப்பாடு 27,000, பஸ், போன் டேட்டா, போட்டோக் கொப்பி எல்லாம் சேர்த்து 8,000. மாதம் 53,000. நாலு வருடம் 48 மாதம். 25 இலட்சத்து 44 ஆயிரம். லப்ரொப் 2 இலட்சம். வருடத்துக்கு ஆறு முறை வீட்டுக்கு வந்து போக ஒரு தடவைக்கு 6,000 என்றால் நாலு வருடத்துக்கு 1 இலட்சத்து 44 ஆயிரம். கட்டணம் 18 இலட்சம். கூட்டினால் 46 இலட்சத்து 88 ஆயிரம். கட்டணத்தைவிட இருப்பதற்கும் உண்பதற்கும் போகும் காசு கூட என்பதைக் கவனியுங்கள். இதில் மறுபரீட்சைக் கட்டணம், பட்டமளிப்புக் கட்டணம், ஆண்டுக்காண்டு கூடும் அறை வாடகை எதுவும் இல்லை.

இனி மகன் சாவகச்சேரியில் இருந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலிக்குத் தினமும் போய்வருகிறான் என்று வையுங்கள். கற்பித்தல் கட்டணம் கிடையாது. பஸ், மத்தியானச் சாப்பாடு, டேட்டா, கொப்பி எல்லாமாக மாதம் 12,000 என்றால் 48 மாதத்துக்கு 5 இலட்சத்து 76 ஆயிரம். லப்ரொப்பும் சேர்த்து 7 இலட்சத்து 76 ஆயிரம். மகாபொலப் புலமைப்பரிசில் கிடைத்தால் இதுவும் குறையும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதை மாதம் 5,000 ரூபாவில் இருந்து 7,500 ஆகக் கூட்டினார்கள். ஆண்டுக்கு 10 தவணைதான் வரும், முதல் தவணை மாதக்கணக்கில் பிந்தும். ஆகவே முதல் ஆண்டுச் செலவை அதை நம்பிப் போடவேண்டாம்.

இரண்டு வழிக்கும் உள்ள வித்தியாசம் 39 இலட்சத்து 12 ஆயிரம். உங்களிடம் இருப்பது 20. தனியார் வழிக்கு இன்னும் ஏறக்குறைய 27 இலட்சம் தேவை. அதை 13 வீத வட்டிக்கு எடுத்தால் வட்டி மட்டுமே மாதம் 29,250 ரூபா. தம்பியார் உதவுவதாகச் சொல்வது நல்ல மனது. ஆனால் "உதவுவேன்" என்பதை வைத்துக் கணக்குப் போட முடியாது. வருடத்துக்கு எவ்வளவு, எந்த மாதத்தில், எத்தனை வருடம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவருக்கும் வேலை போகும், வீட்டுக்கடன் இருக்கும். மூன்றாம் வருடத்தில் காசு நின்றால் பட்டமும் இல்லை, கட்டியதும் திரும்பாது.

அடுத்தது பட்டத்தின் தகுதி. ஒரு தனியார் நிறுவனம் தன் பெயரில் பட்டம் வழங்க, 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அந்தக் குறிப்பிட்ட பட்டம் வர்த்தமானியில் வந்திருக்கவேண்டும். நிறுவனத்தின் ஒரு பட்டம் வந்திருப்பதால் எல்லாப் பட்டங்களும் வந்ததாகாது. பொறியியல் என்றால் இதற்கு மேலும் ஒரு படி உண்டு. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் அந்தக் கற்கைநெறியைத் தரச்சான்று செய்திருக்கிறதா என்று கேளுங்கள். பொறியியலாளர் நிறுவனம் 2014இல், பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினரானது. அதன் சான்றுள்ள பட்டத்துக்கே கனடா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் பொறியியலாளராக மதிப்பு எளிதாகக் கிடைக்கும். "விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்" என்ற பதிலுக்குக் காசு கட்டவேண்டாம்.

மகன் பொறியியல்தான் வேண்டும் என்று நின்றால் குறைந்த செலவில் வேறு இரண்டு கதவுகள் இருக்கின்றன. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப நிறுவகம் நடத்தும் தேசிய தொழில்நுட்ப டிப்ளோமா மூன்று ஆண்டு, அதில் ஓர் ஆண்டு தொழிற்பயிற்சி. இதற்கு விண்ணப்பம் தனியே கோருவார்கள்; பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு இதுவும் சேர்ந்துவிடும் என்று நினைத்துத் தவறவிடும் பிள்ளைகள் அதிகம். மற்றது இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் பொறியியல் பட்டம். கொக்குவிலில் அதன் பிராந்திய நிலையம் இருக்கிறது. எடுக்கும் பாடங்களுக்கு ஏற்பக் கட்டணம் என்பதால் வேலை செய்துகொண்டே கட்டலாம். ஆனால் ஒழுங்காகத் தானே இருந்து படிக்கும் பழக்கம் இல்லாத பிள்ளைக்கு அது ஏழெட்டு வருடமாக இழுபடும்.

பௌதிக விஞ்ஞானத்தைக் கழித்துவிடப்பட்ட இடமாகப் பார்க்கவேண்டாம் என்பது எங்கள் கருத்து. மூன்று ஆண்டில் பொதுப் பட்டத்தோடு வெளியேறலாம், பெறுபேறு நன்றாக இருந்தால் நாலாம் ஆண்டு சிறப்புக்குப் போகலாம். கணினி விஞ்ஞானத்தை ஒரு பாடமாக எடுத்தால் மென்பொருள் வேலைக்கான வாசல் திறந்தே இருக்கும். விரிவுரை ஆங்கிலத்தில். தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளைகள் முதல் அரையாண்டில் தடுமாறுவது அதனால்தான், பாடம் கடினம் என்பதால் அல்ல. பல்கலைக்கழகம் தொடங்கும்வரை கிடைக்கும் மாதங்களை ஆங்கிலத்துக்குச் செலவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: மகளுக்கு மருத்துவம் மயிரிழையில் வரும், வராது என்ற நிலை. விண்ணப்பத்தில் மருத்துவத்தை முதலாவதாகப் போட்டால் விவசாயமும் கைநழுவிவிடும் என்று ரியூசன் ஆசிரியர் சொல்கிறார். உண்மையா? மூன்றாம் முறையும் எழுதலாமா?
ஒரு தாய், நல்லூர்

உண்மை இல்லை. இந்தத் தவறான நம்பிக்கையால் தகுதி இருந்தும் இடத்தை இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறோம்.

தெரிவு நடப்பது இசட் புள்ளியில். விண்ணப்பத்தில் நீங்கள் எழுதும் ஒழுங்கு, தகுதி உள்ள இடங்களில் எதை உங்கள் மகளுக்குத் தருவது என்று முடிவுசெய்ய மட்டுமே. முதல் விருப்பத்துக்குப் புள்ளி காணாவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள். விவசாயத்தை ஒன்பதாவதாகப் போட்ட உங்கள் மகளின் புள்ளி, அதை முதலாவதாகப் போட்ட இன்னொரு பிள்ளையின் புள்ளியைவிடக் கூட என்றால் இடம் உங்கள் மகளுக்கே.

ஆகவே ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: பிள்ளை உண்மையில் எதை அதிகம் விரும்புகிறாளோ அது மேலே. கடந்த ஆண்டு வெட்டுப்புள்ளியைப் பார்த்து "இது கிடைக்காது" என்று நீக்கவேண்டாம். வெட்டுப்புள்ளி ஒவ்வோர் ஆண்டும் மாறும். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போவதால், யாழ் மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியைத்தான் பார்க்கவேண்டும். கொழும்பின் வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயப்படுவதில் பயனில்லை.

பிழை விடும் இடங்கள் வேறு. ஒரே கற்கைநெறிக்குப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு குறியீடு. எண் ஒன்றாக இருக்கும், கடைசி எழுத்து மாறும். அந்த எழுத்தை மாறி எழுதினால் யாழ்ப்பாணத்துக்குப் பதில் வேறெங்கோ கிடைக்கும். பட்டியலை நிரப்பவேண்டும் என்று, போகவே மாட்டாள் என்ற கற்கைநெறியை எழுதுவது இன்னொரு பிழை. அது கிடைத்துவிட்டால் சங்கடம் உங்களுக்குத்தான். கட்டடக்கலை, யாழ்ப்பாணத்தில் நடனம், சங்கீதம் போன்றவற்றுக்கு உளச்சார்புப் பரீட்சையோ செய்முறைப் பரீட்சையோ உண்டு. அதற்குப் பத்திரிகை அறிவித்தலைப் பார்த்து அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தனியாக விண்ணப்பிக்கவேண்டும்.

மூன்றாம் முறையும் எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மூன்று முறைதான் கணக்கில் எடுப்பார்கள். விவசாயத்துக்குப் பதிவுசெய்துவிட்டு மருத்துவத்துக்கு மீண்டும் எழுதலாம் என்று நினைத்தால், பதிவுசெய்த மாணவர் விலகுவது பற்றியும் மறுபடி விண்ணப்பிப்பது பற்றியும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் தனி விதிகள் இருக்கின்றன. பதிவுக்கு முன், ஒரு முறைக்கு இரண்டு முறை அந்தப் பகுதியைப் படியுங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் மருத்துவம், ஆறு வருடம், எல்லாம் சேர்த்து 40 ஆயிரம் டொலர் என்று ஒரு முகவர் சொல்கிறார். இந்த மாதம் முற்பணம் கட்டினால் கழிவாம். காரைநகரில் உள்ள காணியை விற்க யோசிக்கிறோம்.
ஒரு வாசகர், காரைநகர்

முதலில் முகவரை விட்டுவிட்டு இலங்கை மருத்துவ சபையின் பட்டியலைப் பாருங்கள். அந்தச் சபை அங்கீகரித்த வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளின் பெயர் அதில் இருக்கும். நாட்டின் பெயர் சரி, நகரத்தின் பெயர் சரி, கல்லூரியின் பெயரில் ஒரு சொல் வித்தியாசம் என்றாலும் அது வேறு கல்லூரிதான். உயர்தரத்தில் எந்தப் பாடத்தில் எந்தச் சித்தி வேண்டும் என்ற குறைந்தபட்ச நிபந்தனையும் சபைக்கு உண்டு. அதை நிறைவேற்றாத பிள்ளையையும் வெளிநாட்டுக் கல்லூரி காசுக்குச் சேர்த்துக்கொள்ளும். பிரச்சினை திரும்பி வந்த பிறகுதான் தெரியும்.

திரும்பி வந்ததும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே பதிவுபெற எழுதும் ஈ.ஆர்.பி.எம் என்ற பரீட்சையில் சித்தியடைந்து, பிறகு ஓராண்டு உள்ளகப் பயிற்சி செய்யவேண்டும். பலர் அந்தப் பரீட்சையை ஒரே தடவையில் தாண்டுவதில்லை. ஆறு வருடம் என்று முகவர் சொன்னதில் இந்தக் காலம் இல்லை. நோயாளியோடு எந்த மொழியில் கதைத்துப் பழகுவார்கள் என்றும் கேளுங்கள். விரிவுரை ஆங்கிலத்தில் நடந்தாலும் வார்ட்டில் இருக்கும் நோயாளி உள்ளூர் மொழிதான் கதைப்பார். அந்த மொழி வராத மாணவர் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு வருவார்.

காசு டொலரில் என்பதை மறக்கவேண்டாம். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவைச் சுற்றி இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 40 ஆயிரம் டொலர் என்பது 80 இலட்சமாக இருந்து 1 கோடி 44 இலட்சமாகியது. படிப்பின் நடுவில் இருந்த பிள்ளைகளின் குடும்பங்கள் பட்ட பாட்டை யாழ்ப்பாணத்தில் எல்லாரும் அறிவார்கள். காணியை விற்று வரும் ரூபாவை வங்கியில் வைத்துவிட்டு வருடா வருடம் டொலர் வாங்கிக் கட்டுவதாக இருந்தால், அந்த ஏற்றத்தைத் தாங்கும் இடைவெளி கணக்கில் இருக்கவேண்டும்.

"இந்த மாதம் கட்டினால் கழிவு" என்பதற்காக ஒரு ரூபாவும் கொடுக்கவேண்டாம். பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம் வந்த பிறகு, வங்கி மூலம், பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே அனுப்புங்கள். முகவரின் சொந்தக் கணக்குக்குப் போகும் காசுக்குப் பிறகு ஆதாரம் தேடி அலையவேண்டி வரும். விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும் என்பதைக் கையெழுத்தோடு எழுத்தில் வாங்குங்கள். இதற்கு மறுத்தால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

கேள்வி: மகளுக்கு வர்த்தகப் பிரிவில் ஒரு சி, இரண்டு எஸ். பல்கலைக்கழகம் கிடைக்காது. தையல் வருமானத்தில்தான் குடும்பம். ஏதாவது வழி உண்டா?
ஒரு தாய், மானிப்பாய்

உண்டு, அம்மா. மூன்று பாடமும் சித்தி என்பதே பல கதவுகளைத் திறக்கும்.

முதலில் யாழ்ப்பாணத்தில் உள்ள உயர் தொழில்நுட்ப நிறுவகத்தின் உயர் தேசிய டிப்ளோமாக்களைப் பாருங்கள். கணக்கியல், தகவல் தொழில்நுட்பம், ஆங்கிலம் மூன்றும் அங்கு இருக்கின்றன. முழுநேரமாகப் படித்தால் கற்பித்தல் கட்டணம் இல்லை, பகுதிநேரத்துக்குக் காசு. ஆண்டுக்கு ஒருமுறைதான் விண்ணப்பம் கோருவார்கள். உங்கள் நிலைக்குக் கணக்கியல் முழுநேரம்தான் எங்கள் முதல் தெரிவு.

மகள் வேலைக்குப் போய்க்கொண்டு படிக்க விரும்பினால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டமும் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பி.ஐ.ரி என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டமும் இருக்கின்றன. பி.ஐ.ரியில் ஒரு வசதி: முதலாம் ஆண்டோடு நிறுத்த நேர்ந்தால் டிப்ளோமா, இரண்டாம் ஆண்டோடு என்றால் உயர் டிப்ளோமா, மூன்றையும் முடித்தால் பட்டம். இடையில் காசு முட்டினாலும் கைவெறுமையாக வரமாட்டாள். வெளிவாரியில் பதிவுக் கட்டணமும் பரீட்சைக் கட்டணமும்தான் அடிப்படை. பெரும் செலவு தனியார் வகுப்புகளுக்குப் போவது. நாலு பேர் சேர்ந்து கடந்தகால வினாத்தாளை வைத்துப் படித்தால் அதிலும் பாதி மிச்சம்.

கைத்தொழிலில் விருப்பம் என்றால் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் தொடங்கிய இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம், யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரி இரண்டையும் நேரில் போய்ப் பாருங்கள். என்.வி.கியூ என்ற தேசிய தொழில் தகைமையில் மட்டம் 4 தொழில்தேர்ச்சி, 5 டிப்ளோமா, 6 உயர் டிப்ளோமா, 7 பட்டம். தனியார் இடமொன்றில் "என்.வி.கியூ தருகிறோம்" என்றால், எந்த மட்டம் என்றும் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்தக் கற்கைநெறிக்குப் பதிவு இருக்கிறதா என்றும் கேட்டுவிட்டுக் காசு கட்டுங்கள்.

கேள்வி: அரசின் வட்டியில்லாக் கடன் எல்லாத் தனியார் பட்டத்துக்கும் கிடைக்குமா?
ஒரு தந்தை, சுன்னாகம்

இல்லை. 2017இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில், அரசு பட்டியலிட்ட நிறுவனங்களின் பட்டியலிட்ட கற்கைநெறிகளுக்கு மட்டும். நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் பிள்ளை விரும்பும் கற்கைநெறி அதில் இருக்கிறதா என்று தனியே பார்க்கவேண்டும். கடனுக்கு உச்சவரம்பு உண்டு. கட்டணம் அதைத் தாண்டினால் மிச்சம் உங்கள் பை. வட்டியை அரசு கட்டுகிறது, முதலைப் பிள்ளை கட்டவேண்டும், படிப்பு முடிந்து சலுகைக்காலம் போன பின் தவணை தொடங்கும். பிள்ளை இடையில் நிறுத்தினாலும் கடன் நிற்கும். பிணைக்குக் கையெழுத்துப் போடுபவருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் தருகிறார்கள். பலாலியில் இருந்து சென்னைக்கு விமானமும் இருக்கிறது. அந்தப் பட்டம் இங்கே செல்லுமா?
ஒரு வாசகர், தெல்லிப்பழை

கல்லூரியின் பெயரை வைத்துத் தேடினால் பதில் கிடைக்காது. பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சிடப்படும் என்று கேளுங்கள். அந்தப் பல்கலைக்கழகம் பொதுநலவாயப் பல்கலைக்கழக ஆண்டுநூலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகக் கைநூலிலோ இருந்தால் நமது மானியங்கள் ஆணைக்குழு ஏற்கும். வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் உள்ளூர் மாணவருக்கு உள்ளதைவிடக் கூட. இணையத்தில் பார்த்த தொகையை நம்பாமல் இலங்கை மாணவருக்கு என்று எழுதிய கட்டணப் பட்டியலை வாங்குங்கள். 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் போகும் பிள்ளை, போய்ச் சேர்ந்து 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதியவேண்டும். சான்றிதழ்களை வெளிநாட்டுக்காக உறுதிப்படுத்தக் கொழும்பு போகத் தேவையில்லை, யாழ். மாவட்டச் செயலகத்திலேயே பிராந்தியக் கொன்சியூலர் அலுவலகம் இருக்கிறது. இந்திய அரசின் புலமைப்பரிசில்களுக்கும் விண்ணப்பியுங்கள். விபரம் யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத்தூதரகத்தில் கிடைக்கும்.

கேள்வி: எனக்குச் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது. தூரம், பகிடிவதை என்று அப்பா அனுப்ப மறுக்கிறார். யாழ்ப்பாணத்திலேயே தனியார் பட்டத்துக்குக் காசு கட்டுகிறேன் என்கிறார்.
ஒரு மாணவி, பருத்தித்துறை

தங்கச்சி, இந்தப் பதிலை அப்பாவோடு சேர்ந்து வாசியுங்கள். அவருடைய பயம் பொய்யில்லை. பகிடிவதை நடக்கிறது. ஆனால் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம், சிறைத்தண்டனை வரை போகும். எழுத்தில் முறையிட இடமும் உண்டு.

அப்பா மூன்று விடயத்தைத் தானே விசாரிக்கட்டும். முதலாம் ஆண்டுப் பெண்பிள்ளைகளுக்கு விடுதி உள்ளேயா வெளியேயா, எத்தனை ஆண்டு கிடைக்கும். அதே பீடத்தில் இப்போது படிக்கும் யாழ்ப்பாணப் பிள்ளைகள் யார். அவர்களில் ஒருவரின் தாயோடு அம்மா ஒருமுறை போனில் கதைக்கட்டும். பல்கலைக்கழகம் இருக்கும் பெலிகுல்லோயாவில் இருந்து வீடுவரும் பயணத்தில் எங்கே மாறவேண்டும், இரவில் எங்கே நிற்கவேண்டும். பதிவு நாளுக்கு அப்பாவும் கூடவே போய் விடுதியைப் பார்த்துவிட்டு வரலாம்.

பிறகு கணக்கு. தனியார் பட்டத்துக்கு அவர் கட்ட நினைக்கும் தொகையை 48ஆல் பிரியுங்கள். 15 இலட்சம் என்றால் மாதம் 31,250. அந்தக் காசில் உங்கள் சாப்பாடு, அறை, மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து போகும் பஸ் காசு மூன்றிலும் பெரும்பகுதி அடங்கும். பதிவுக்கான கடைசி நாள் தாண்டினால் அந்த இடம் வெற்றிடமாகி அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். ஆகவே கதைக்கவேண்டியதை இந்தக் கிழமையே கதையுங்கள்.